பெயரில்லாத டிஸ்க்கும் பெயர் பெற்ற டிஸ்க்கும்



கிள்ளானில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார். இருபத்தைந்து ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அவர் வாழ்ந்த தோட்டம் இன்று இல்லை. லயங்கள் நின்ற இடத்தில் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. அந்த வாழ்க்கையிலிருந்து அவர் கையோடு கொண்டுவந்தது கொஞ்சம் படங்கள்தாம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்த கடைசித் திருவிழா, மூத்த மகளின் கல்யாணம், காலஞ்சென்ற கணவர் பெரட்டுக் களத்தில் நிற்கும் காட்சி, இப்படிச் சில நூறு படங்கள். அவற்றோடு பேரப் பிள்ளைகளின் படங்களும் கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டன.

கைப்பேசியில் இடம் போதவில்லை என்று, மகன் இரவுச் சந்தையில் ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தான். மேலே '2 டெராபைட்' என்று அச்சிட்டிருந்தது. கம்பெனியின் பெயர் இல்லை. விலையோ மிக மலிவு. எல்லாப் படங்களையும் அதில் ஏற்றிவிட்டு, கைப்பேசியில் இருந்தவற்றை அழித்துவிட்டான். ஆறு மாதம் கழித்துப் பேத்தியின் பிறந்தநாளன்று பெட்டியைக் கணினியில் மாட்டினார்கள். படங்களின் பெயர்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. ஆனால் தொட்டுப் பார்த்தால் பெரும்பாலான படங்கள் திறக்கவில்லை.

"பெயர் இருக்கிறதே, படம் எங்கே ஐயா போனது?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இன்றைய என் பேச்சு. ஹார்ட் டிஸ்க் வாங்கப் போகிறோம். பெயர் பெற்ற கம்பெனியின் சரக்கை வாங்குவதா, பெயரில்லாத மலிவுச் சரக்கை வாங்குவதா?

சிக்கனம் நமக்குப் புதிதல்ல. மளிகைக் கடையில் மூட்டையிலிருந்து அளந்து தரும் அரிசியும் அரிசிதான். வண்ணப் பையில் வரும் அரிசியும் அரிசிதான். பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்று நம் தாய்மார்கள் நினைத்தால், அது நியாயமே. அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கும் காய்ச்சல் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரபலமான பெயர் அதில் இருக்காது. ஆனாலும் உள்ளே இருப்பது அதே பாரசிட்டமோல். காய்ச்சல் அதே மாதிரி இறங்குகிறது.

அந்த மாத்திரையை ஏன் நம்புகிறோம்? நம் நாட்டில் விற்கப்படும் மருந்து எதுவானாலும் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்திடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெட்டியின்மேல் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். பிரபலமான பெயர் இல்லாவிட்டாலும், அதற்குப் பின்னால் பொறுப்பாளி ஒருவர் இருக்கிறார். பெயரில்லாத ஹார்ட் டிஸ்க்கிற்கு அப்படி ஒரு பொறுப்பாளி உண்டா? இதைத்தான் நாம் முதலில் பார்க்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க் என்பது என்ன? பள்ளிப் புத்தகங்களில் 'வன்தட்டு' என்று எழுதியிருப்பார்கள். உலோகப் பெட்டிக்குள் கண்ணாடி போல் பளபளக்கும் வட்டத் தட்டுகள் இருக்கின்றன. அவை நிமிடத்துக்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழல்கின்றன. தட்டின்மேல் காந்தப் பூச்சு இருக்கிறது. ஊசி முனை போன்ற ஒரு தலை, தட்டைத் தொடாமல், அதற்கு மேலே மிதந்தபடி காந்தக் குறிகளை எழுதுகிறது, படிக்கிறது. தலைக்கும் தட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி நம் தலைமுடியின் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தூசி உள்ளே புகுந்தாலும் தட்டு கீறிவிடும்.

முதல் ஹார்ட் டிஸ்க்கை ஐ.பி.எம். கம்பெனி 1956ஆம் ஆண்டு வெளியிட்டது. அதில் 50 தட்டுகள் இருந்தன. எடை ஏறத்தாழ ஒரு டன். அத்தனை பெரிய இயந்திரத்தில் சுமார் 50 லட்சம் எழுத்துகளைத்தான் பதிய முடிந்தது. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு நல்ல படம் அந்த இடத்தை நிரப்பிவிடும்.

இவ்வளவு நுட்பமான பொருளைக் கடைத்தெருப் பட்டறையில் செய்ய முடியாது. தூசியற்ற அறைகளும் பெரும் மூலதனமும் வேண்டும். ஒரு காலத்தில் இதைச் செய்யும் கம்பெனிகள் டஜன் கணக்கில் இருந்தன. ஒன்றை ஒன்று விழுங்கிவிட்டன. 2006இல் மேக்ஸ்டோர் கம்பெனியைச் சீகேட் வாங்கியது. 2011இல் சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் தொழிலும் சீகேட்டிடம் போனது. 2012இல் ஹிட்டாச்சியின் தொழிலை வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. இன்று சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்று மூன்றே கம்பெனிகள்தாம் ஹார்ட் டிஸ்க் செய்கின்றன.

இந்தத் தொழில் நமக்கு அந்நியமானதும் அல்ல. பெட்டாலிங் ஜெயாவில், சுங்கைவே தடையற்ற வாணிப வட்டாரத்தில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலை இருந்தது. தோட்டங்களிலிருந்து கம்பெனி பஸ் ஏறி மின்னியல் தொழிற்சாலைகளுக்குப் போய் வந்த பெண்பிள்ளைகள் நம்மிடையே எத்தனையோ பேர். வாயையும் தலையையும் மூடிக்கொண்டு, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்துச் செய்த வேலையை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தத் தொழிற்சாலையை மூடப்போவதாகக் கம்பெனி 2018ஆம் ஆண்டு ஜூலையில் அறிவித்தது. 2019இன் இறுதியோடு அதன் காலம் முடிந்தது.

ஆக, ஹார்ட் டிஸ்க் என்றால் அது இந்த மூன்று கம்பெனிகளில் ஒன்றில்தான் பிறந்திருக்க வேண்டும். அப்படியானால் 'பெயரில்லாத ஹார்ட் டிஸ்க்' என்று விற்கிறார்களே, அது எது? அதில் மூன்று வகை உண்டு.

முதல் வகை நேர்மையானது. வேறொரு கம்பெனி, மூன்றில் ஒன்றிடமிருந்து டிஸ்க்கை வாங்கி, தன் உறைக்குள் வைத்துத் தன் பெயரில் விற்கிறது. அவ்வளவு பிரபலமான பெயராக இருக்காது. ஆனால் உத்தரவாதம் தருகிறது. மலேசியாவில் அதற்கு விநியோகிப்பாளர் இருக்கிறார். இதைத் தாராளமாக வாங்கலாம். மூட்டை அரிசி போலத்தான் இதுவும்.

இரண்டாவது வகை பழைய சரக்கு. எங்கோ ஓர் அலுவலகத்திலோ கண்காணிப்புக் கேமராவிலோ பல ஆண்டுகள் இரவு பகலாக ஓடிய டிஸ்க்கைக் கழற்றி, துடைத்து, புதிய உறையில் போட்டு விற்பது. வெட்டி வெட்டிப் பட்டை தேய்ந்த மரத்தை இளமரம் என்று சொல்லிப் பங்கு பிரித்துக் கொடுப்பதற்கு இது சமம். பழையது என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் குற்றமில்லை. புதியது என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று.

மூன்றாவது வகை முழுப் பொய். கிள்ளான் அம்மா வீட்டுப் பெட்டி அந்த வகைதான். திறந்து பார்த்தோம். உள்ளே சுழலும் தட்டு எதுவும் இல்லை. கைப்பேசியில் போடுகிற, நகம் அளவு நினைவு அட்டை ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அதன் உண்மையான கொள்ளளவு 64 ஜிகாபைட். அட்டையைக் கட்டுப்படுத்தும் சில்லுக்கு, "கேட்டால் 2 டெராபைட் என்று சொல்" எனப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

தோட்டத்தில் பால் நிறுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது உடனே விளங்கும். வாளி நிறையப் பால் கொண்டுவந்தாலும் கிராணி அதை அப்படியே கணக்கில் எழுதமாட்டார். மெட்ரோலாக் கருவியைப் பாலில் விட்டு, உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்த பிறகுதான் எழுதுவார். தண்ணீர் கலந்திருந்தால் கருவி காட்டிவிடும். பெட்டியின்மேல் எழுதிய '2 டெராபைட்' வாளியின் அளவு. உள்ளே உள்ள 64 ஜிகாபைட்தான் உலர்ந்த ரப்பர்.

இந்த மோசடி உடனே வெளிப்படாது. முதல் 64 ஜிகாபைட் ஒழுங்காகப் பதியும். அதற்கு மேல் ஏற்றும்போது, புதிய படங்கள் பதியாமலே போகும். அல்லது பழைய படங்களின்மேலேயே பதிந்து அவற்றை அழித்துவிடும். படங்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் ஒழுங்காக இருந்துகொண்டே இருக்கும். "பெயர் இருக்கிறதே, படம் எங்கே?" என்று அந்த அம்மா கேட்டதற்கு இதுதான் பதில். குறை தெரிய வரும்போது வியாபாரி வேறு ஊர்ச் சந்தைக்குப் போயிருப்பார்.

இங்கே ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். நல்ல கம்பெனியின் 1 டெராபைட் டிஸ்க்கைக் கணினியில் மாட்டினால் 931 ஜிகாபைட் என்று காட்டும். அது திருட்டு அல்ல. கம்பெனிகள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றன; கணினியோ 1,024, 1,024 ஆக எண்ணுகிறது. கணக்கு முறை வேறு, சரக்கு ஒன்றே.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் பெயர் பெற்ற கம்பெனியின் டிஸ்க்கையே வாங்கிவிட்டால் கவலை இல்லை அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

2025ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கு வெளியே ஒரு கிடங்கில் அதிகாரிகளும் சீகேட் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவினரும் சோதனை நடத்தினார்கள். சீகேட் பெயர் தாங்கிய ஏறத்தாழ 700 டிஸ்க்குகள் அங்கே சிக்கின. வேறு கம்பெனிகளின் பெயர் தாங்கிய டிஸ்க்குகளும் இருந்தன. எல்லாம் பழையவை. அவற்றைத் துடைத்து, எத்தனை மணி நேரம் ஓடியது என்று டிஸ்க்கே எழுதி வைத்திருக்கும் கணக்கையும் அழித்து, புதிய சீட்டு ஒட்டி, இணையச் சந்தைகள் வழியாகப் புதுச் சரக்காக விற்றிருக்கிறார்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய டிஸ்க்குகளைப் புதியவை என்று விற்றது அம்பலமானது. பழைய கார் விற்பவன் மீட்டரைத் திருப்பிவைப்பதைப் போன்ற வேலைதான் இது.

பார்த்தீர்களா? பெட்டியின்மேல் உள்ள பெயரை யாரும் அச்சடித்துக்கொள்ளலாம். ஆகவே "என்ன பெயர்?" என்று கேட்பதோடு நிற்காமல், "யார் விற்கிறார்? நாளை கெட்டுப்போனால் யாரைத் தேடிப் போவேன்?" என்றும் கேட்க வேண்டும். பெயர் பெற்ற சரக்குக்கு நாம் கொடுக்கும் கூடுதல் காசு, அந்தப் பொறுப்புக்காகத்தான். பொறுப்பு கிடைக்காத இடத்தில் அந்தக் கூடுதல் காசும் வீண்.

இப்போது வாங்கும் முறையைப் பார்ப்போம்.

முதலாவது, கடையை முதலில் தேர்ந்தெடுங்கள். கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பகுதியில் உள்ள லோ யாட் பிளாசாவில் கணினிக் கடைகள் மாடி மாடியாக இருக்கின்றன. கிள்ளானிலிருந்து வருபவர்கள் கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் பக்கமிருந்து மோனோரயில் ஏறினால் போய்விடலாம். அங்கே நான்கு கடையில் விலை கேளுங்கள். மூன்று கடை ஒரே மாதிரி சொல்ல, நான்காவது கடை பாதி விலை சொன்னால், மகிழ்ச்சி அடையாதீர்கள், காரணம் கேளுங்கள். இணையத்தில் வாங்கினால், கம்பெனியின் அதிகாரபூர்வக் கடையா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, உத்தரவாதம் யாருடையது என்று கேளுங்கள். கடைக்காரர் தரும் ஒரு வார உத்தரவாதம் வேறு. கம்பெனி தரும் இரண்டு, மூன்று ஆண்டு உத்தரவாதம் வேறு. டிஸ்க்கின்மேல் ஒரு தொடர் எண் இருக்கும. அதைக் கம்பெனியின் இணையத்தளத்தில் தட்டினால், உத்தரவாதம் எந்தத் தேதி வரை என்று காட்டும். கடைக்காரர் முன்னிலையிலேயே கைப்பேசியில் பார்த்துவிடலாம். நேர்மையான வியாபாரி அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூன்றாவது, ரசீது வாங்குங்கள். கடையின் பெயர், முகவரி, தேதி, தொடர் எண் எல்லாம் அதில் இருக்கட்டும். அதையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள்.

நான்காவது, வீட்டுக்கு வந்ததும் சோதியுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். புதிய டிஸ்க்கில் அந்தக் கணக்கு கிட்டத்தட்டச் சுழியமாக இருக்க வேண்டும். கொள்ளளவைச் சோதிக்க எச்-டூ-டெஸ்ட்-டபிள்யூ என்று இன்னொரு இலவச மென்பொருள் இருக்கிறது. அது டிஸ்க் முழுவதையும் நிரப்பி, திரும்பப் படித்துப் பார்க்கும். இதுதான் நமக்கு மெட்ரோலாக். பெரிய டிஸ்க்கிற்கு இரவு முழுவதும்கூட ஆகலாம். பரவாயில்லை. படங்களை ஏற்றுவதற்கு முன்பு இதைச் செய்துவிடுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் இந்த வேலையைக் கொடுங்கள்.

எஸ்.எஸ்.டி. என்ற புது வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் சுழலும் தட்டு இல்லை, எல்லாம் சில்லுகள்தாம். வேகம் அதிகம். கை தவறி விழுந்தாலும் அவ்வளவு எளிதில் கெடாது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன், கியோக்சியா, சான்டிஸ்க் போன்ற சில கம்பெனிகள்தாம் அந்தச் சில்லுகளைச் செய்கின்றன. சில்லுகளை வாங்கிப் பலகையில் பொருத்தி விற்பதை யாரும் செய்யலாம். தரத்தில் தேறாத சில்லுகளும் மலிவுச் சந்தைக்கு வந்துவிடுகின்றன. அதனால் எஸ்.எஸ்.டி., பென் டிரைவ், நினைவு அட்டை ஆகியவற்றில் பெயரில்லாத சரக்குக்கு இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மின்சாரம் இல்லாமல் பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்தால் எஸ்.எஸ்.டி. தன் நினைவை இழக்கவும் கூடும். படங்களை ஏற்றி எடுத்து வைப்பதற்குச் சாதாரண ஹார்ட் டிஸ்க் போதும், விலையும் குறைவு.

நல்ல கடையில், நல்ல கம்பெனியின் டிஸ்க்கை, ரசீதோடு வாங்கிவிட்டோம். இனிக் கவலை இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்றொரு கம்பெனி, மூன்று லட்சத்துக்கும் அதிகமான ஹார்ட் டிஸ்க்குகளை ஓட்டி, எத்தனை கெடுகின்றன என்று ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. 2024ஆம் ஆண்டில் நூற்றுக்கு 1.57 கெட்டன. அதாவது ஆயிரத்துக்குப் பதினைந்து, பதினாறு. அத்தனையும் பெயர் பெற்ற கம்பெனிகளின் சரக்கு. குளிர்சாதன அறையில், நிபுணர்களின் கண்காணிப்பில் இருந்தவை. அந்தப் பதினாறில் ஒன்று நம் வீட்டு டிஸ்க்காக இருக்கலாம். உத்தரவாதம் இருந்தால் கம்பெனி வேறு டிஸ்க் கொடுக்கும். மகளின் கல்யாணப் படத்தை எந்தக் கம்பெனியும் திருப்பிக் கொடுக்காது.

ஆகவே என் முக்கியமான யோசனை இது. விலையுயர்ந்த பெரிய டிஸ்க் ஒன்று வாங்கும் காசில், அளவான இரண்டு டிஸ்க் வாங்குங்கள். கைப்பேசிப் படம் ஒன்றுக்கு 4 மெகாபைட் என்று வைத்தாலும், 1 டெராபைட்டில் இரண்டரை லட்சம் படங்கள் கொள்ளும். ஒரு குடும்பத்துக்கு இது தாராளம். இரண்டிலும் ஒரே படங்களை ஏற்றுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். மற்றொன்றை அண்ணன் வீட்டிலோ சம்பந்தி வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.

ஏன் வேறு வீட்டில்? 2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீட்டுக்குள் ஏறியபோது, மக்கள் கட்டிய துணியோடு மாடிக்கும் கூரைக்கும் ஓடினார்கள். பிறப்புப் பத்திரம், நிலப் பத்திரம், படங்கள் எல்லாம் சேற்றில் போயின. ஒரே அலமாரியில் இரண்டு டிஸ்க் இருந்தால் இரண்டும்தான் நனையும். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றைப் படமெடுத்து, கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிகாபைட் இடத்திலும் ஒரு பிரதி போட்டு வைக்கலாம். தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது, இரண்டு டிஸ்க்குகளையும் ஒருமுறை மாட்டி, படங்கள் திறக்கின்றனவா என்று பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் சுழலும்போது அதை நகர்த்தவோ கீழே போடவோ கூடாது.

கடைசியாக, ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? நம் நாட்டில் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று கடையில் எழுதி மாட்டியிருந்தாலும், பழுதான பொருளுக்குப் பரிகாரம் கேட்கும் உரிமை போய்விடாது. அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டணம் கட்டி மனு கொடுக்கலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். ஆனால் மனுவில் விற்றவரின் பெயரும் முகவரியும் வேண்டும். ரசீது வாங்குங்கள் என்று நான் வற்புறுத்தியது இதனால்தான். இரவுச் சந்தையில் முகவரி இல்லாத வியாபாரியின் மேல் யாரும் மனு எழுத முடியாது.

அந்தக் கிள்ளான் அம்மாவின் படங்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். பெட்டிக்குள் போனது போனதுதான். ஆனால் கல்யாணப் படங்களில் பலவற்றை அவர் முன்பே தம் தங்கைக்கு அனுப்பியிருந்தார். திருவிழாப் படங்கள் சில, அதே லயத்தில் குடியிருந்த ஒருவரின் மகனிடம் கிடைத்தன. பெரட்டுக் களப் படம் மட்டும் வேறு யாரிடமும் இல்லை. அது ஒரே பிரதியாக இருந்தது.

இன்று மாலை உங்கள் வீட்டில் ஒரு கணக்கு எடுங்கள். எந்தப் படம், எந்தப் பத்திரம் ஒரே பிரதியாக இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது பிரதி எடுக்கும் வேலையை அதிலிருந்து தொடங்குங்கள்.